முந்நூற்று அறுபத்தாறு

இருபத்து மூன்று பேர் இன்றிரவு
தண்ணீரை 0.37 கெல்வினில் கொதிக்கவைத்திருக்கிறார்கள்.
என்தால்பி கிலோஜூலில், என்ட்ரோபி ஜூலில்.
ஆயிரத்தால் பெருக்க மறந்த கைகள்.
அண்டவெளிகூட அத்தனை குளிரில்லை, பிள்ளைகளா.
தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த அன்று
பஸ்ஸை விட்டிறங்கிப் பார்த்தேன்,
இருநூற்று எழுபது இருந்தது.

காந்தலில் வாடகை வீடு.
காலுறை மேல் காலுறை.
அரையாண்டுத் தாள்கள் கம்பளிக்குள் பாதி, வெளியே பாதி.

ஆறாம் கேள்வி நான் எடுத்ததுதான்:
நீரும் நீராவியும் சமநிலையில் நிற்கும் வெப்பநிலை காண்க.
மூன்று மதிப்பெண்.
விடை 373 என்று நானே எழுதி
நானே கையெழுத்திட்ட குறிப்பு
தலையணைமேல் கிடக்கிறது.

அடுத்த தாள் தர்சிகா. எம்.பாலாடா.
கேரட் கழுவும் மிஷினில் அவள் அப்பாவுக்கு ராத்திரி வேலை,
மூட்டை கட்ட இவளும் போவாள் போல,
விடைத்தாள் ஓரத்தில் செம்மண் ரேகை.
விடை: 366.

சிவப்பு மை பட்ட பிறகுதான்
பென்சிலில் பொடியாக எழுதியிருந்ததைப் படித்தேன்.
'109 + 2.2 = 111.2
நம்ம ஊர்ல காத்து கம்மி மிஸ்.'
அந்த இரண்டு புள்ளி இரண்டு வந்த வழி
பின்பக்கத்தில்:
ஊட்டியின் காற்றழுத்தம், ஒரு மடக்கை,
ஒரு அடித்தல், மறுபடி மடக்கை.
நாற்பதாயிரத்து எழுநூறை வகுத்துப் பார்த்தேன்.
கால்குலேட்டர் அவள் பக்கம்.

நான் நம்பவில்லை.
பையில் லேப் தெர்மாமீட்டர் இருந்தது
(திருப்பிக் கொடுக்க வேண்டும்).
பால் பாத்திரத்தில் தண்ணீர், அடுப்பு முழுசாக.
எண்பது. எண்பத்தொன்பது. குமிழி.
தொண்ணூற்று இரண்டரையை ஒரு மயிரிழை தாண்டி
நின்றுவிட்டது.
பொங்கிப் பொங்கிக் கொதிக்கிறது,
பாதரசம் அசையவில்லை.
எவ்வளவு திருகினாலும்
இதுதான் என்கிறது.

நான் தொண்டிக்காரி.
அலையடிக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு
நூறு என்றால் நூறு.
நாலு வருஷமாக இங்கே
பருப்பைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன்,
சிலிண்டர்காரன் கலப்படம் செய்கிறான் என்றுகூட
ஒருமுறை சண்டைக்குப் போனேன்.
கேள்வித்தாளில் ஊரை எழுதாமல் விட்டிருக்கிறேன்.
என் கேள்விக்கு விலாசம்
என் வீட்டு வாசல்.

கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்,
சமநிலையில் கிப்ஸ் ஆற்றல் மாற்றம் சுழி,
ஆகவே இதை அதால் வகு.
இன்றைக்குத்தான் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன்:
விட்டுப் போக ஆகும் செலவை
போனபின் கிடைக்கும் விரிவால் வகுத்தால்
போகலாம் இருக்கலாம் என்று
இரண்டும் ஒன்றாகிப்போகும் இடம்.
வெளியே நெருக்கம் குறைந்தால் விரிவு கூடும்.
விரிவு கூடினால்
கொஞ்சம் சூட்டிலேயே கிளம்பிவிடும் நீர்.

இழுப்பறையில் இடமாறுதல் விண்ணப்பம்,
தேதி போடாமல்.
மேலே எழுத எனக்குத் தெரியும்:
பஸ் செலவு, அம்மாவின் முழங்கால்,
டிசம்பரில் காயாத துணி.
கீழே என்ன எழுதுவது?
தொண்டியில் எனக்கு எவ்வளவு விரிவு?
காந்தலில் எவ்வளவு?
அட்டவணை எதிலும் இல்லை.

தர்சிகாவுக்கு மூன்று.
அடித்தலுக்கு அரை குறைக்கலாம்,
குறைக்கவில்லை.
விடைக்குறிப்பில் 373-ஐ விட்டுவைத்து
பக்கத்தில் 'கடல்மட்டத்தில்' என்று சேர்த்தேன்.
பிறகு இருபத்து மூன்று தாளிலும்
அலகைப் பார், அலகைப் பார், அலகைப் பார்.
ஒன்றரை, ஒன்றரை.
ஒருவன் மட்டும் 0.37-க்குப் பக்கத்தில்
'ரொம்பக் குளிர்' என்று எழுதியிருந்தான்.
அவனுக்கு இரண்டு.

அடுப்பை அணைத்ததும்
பாதரசம் மடமடவென்று இறங்குகிறது.
தேயிலை போட மறந்துவிட்டேன்.
குக்கரில் பருப்பு.
இன்னும் இரண்டு விசில் விடவேண்டும்,
அல்லது மூன்று.